பதவி இறங்கிய பின்



'பொதுவாழ்வில் நேர்மை' என்று அறக்கட்டளைப் பொறுப்பாளர்கள் எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். பெரிய தலைப்பு. எதைப் பேசினாலும் இதற்குள் அடங்கும். எதையுமே பேசாமல் ஒரு மணி நேரத்தை ஓட்டிவிடவும் முடியும். அந்த ஆபத்திலிருந்து தப்ப நானே அதைக் குறுக்கிக்கொண்டேன். பதவியில் இருந்தவர்கள் பதவியைவிட்டு இறங்கிய பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்பதை மட்டும் பேசுகிறேன். உயிரோடு இருப்பவர்களை இழுக்க வேண்டாம் என்று பொறுப்பாளர் ஒருவர் காதில் சொன்னார். எனக்கும் அது சௌகரியம்தான்.

ஏன் இறங்கிய பிறகு? பதவியில் இருக்கும்போது எளிமையாக இருப்பது அவ்வளவு கடினமில்லை. வீடு அரசாங்கத்துடையது. கார், டிரைவர், தொலைபேசி, மருத்துவர் எல்லாம் அரசாங்கத்துடையவை. அந்த வீட்டுக்குள் பாயை விரித்துப் படுத்தால் மறுநாள் பத்திரிகையில் செய்தி வரும். பதவி போன மறுநாள் காலையில் கார் வராது. மாதம் பிறந்தால் வாடகை கேட்டு ஆள் வரும். பதவிக்காலத்தில் ஒருவர் என்ன சேர்த்தார், என்ன சேர்க்கவில்லை என்பது அன்றைக்குத்தான் வெளியே தெரிய ஆரம்பிக்கிறது. தணிக்கை அதிகாரிக்கு அகப்படாத கணக்கு அது.

முதலில் ஓமந்தூரார். சென்னையில் அண்ணா சாலைப் பக்கம் போகிற எல்லோருக்கும் இந்தப் பெயர் தெரியும். அரசினர் தோட்டத்துக்கு, மருத்துவமனைக்கு அவர் பெயர் இருக்கிறது. ஆள் யார் என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895இல் பிறந்த ராமசாமி ரெட்டியார். 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதமர். அப்போது முதலமைச்சரை அப்படித்தான் அழைத்தார்கள். சுதந்திரம் வந்த நாளில் இந்த மாகாணத்தை ஆண்டவர் அவர். இரண்டு ஆண்டுகள்தான். அதற்குள் கோயில் நுழைவுச் சட்டம், தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம், ஜமீன் ஒழிப்புச் சட்டம் மூன்றும் நிறைவேறின. மூன்றுமே அவரைச் சுற்றி இருந்த பெரிய மனிதர்களைக் கோபப்படுத்தக்கூடியவை.

அவர் பதவி இழந்ததற்கு இந்தச் சட்டங்களைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கட்சிக்காரர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் சிபாரிசோடு கோட்டைக்கு வருவதை அவர் அனுமதிக்கவில்லை. நியமனம், மாறுதல், உரிமம் இவற்றிலெல்லாம் உறுப்பினர்கள் தலையிடக் கூடாது என்று கண்டிப்பாக இருந்தார். தேர்தலில் உழைத்தவனுக்கு ஒரு பர்மிட்கூட வாங்கித்தர முடியாத முதல்வரை எந்தக் கட்சி எத்தனை நாள் பொறுத்துக்கொள்ளும்? சொந்தக் கட்சியிலேயே ஆதரவு கரைந்தது. இதில் கசப்பான ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். அப்போது தமிழ்நாடு காங்கிரஸின் தலைவர் காமராஜர். 1947இல் ஓமந்தூராரை நாற்காலியில் உட்காரவைத்த அதே காமராஜர் அணி, 1949இல் அவர் பக்கம் நிற்கவில்லை. ஒரு நேர்மையாளர் இறங்கியதில் இன்னொரு நேர்மையாளரின் கை இருந்தது. அரசியலில் நல்லவர்கள் எல்லாம் ஒரே பக்கம் இருப்பார்கள் என்று நினைக்கும் இளைஞர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இறங்கியவர் என்ன செய்தார்? கட்சியை உடைக்கவில்லை. கவர்னர் பதவிக்குக் காத்திருக்கவில்லை. வடலூருக்குப் போனார். வள்ளலாரிடத்தில் அவருக்கு ஆழ்ந்த பற்று. அங்கே வள்ளலார் பெயரில் குருகுலப் பள்ளி, ஆதரவற்றோருக்கு நிலையம் என்று வேலையை ஆரம்பித்தார். 1970இல் மறையும்வரை அதுதான் வாழ்க்கை. முதல்வராக இரண்டு ஆண்டு, முன்னாள் முதல்வராக இருபத்தொரு ஆண்டு. அந்த இருபத்தொன்றில் தமிழ்நாட்டு அரசியல் தலைகீழாக மாறிப்போனது. அவர் வடலூரிலேயே இருந்தார்.

ஒன்றைக் கவனியுங்கள். ஓமந்தூரார் ஏழை இல்லை. நிலபுலன் உள்ள விவசாயக் குடும்பத்தில் வந்தவர். பதவி போனால் திரும்பிப் போக அவருக்கு மண் இருந்தது. இது அவர் பெருமையைக் குறைப்பதில்லை. ஆனால் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய விவரம். பின்னால் தேவைப்படும்.

அவருக்குப் பின் வந்த ராஜபாளையம் குமாரசாமி ராஜா வசதியான குடும்பத்தைச் சேர்ந்தவர். முதல்வராக இருந்துகொண்டே 1952 தேர்தலில் தோற்றார். பிறகு ஒரிசாவில் கவர்னராக இருந்து திரும்பினார். ராஜபாளையத்தில் தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். சொத்து சேர்க்காதவர்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். இருந்த சொத்தையும் கொடுத்தவரைப் பற்றி ராஜபாளையத்துக்கு வெளியே அதிகம் பேசுவதில்லை.

காமராஜரைப் பற்றி உங்களுக்குப் புதிதாக நான் என்ன சொல்லிவிட முடியும்? ஒரு கணக்கை மட்டும் சொல்கிறேன். 1963 அக்டோபர் 2 அன்று, மூத்த தலைவர்கள் பதவியைவிட்டுக் கட்சி வேலைக்குப் போக வேண்டும் என்ற தன் திட்டத்துக்குத் தானே முதல் ஆளாக முதலமைச்சர் பதவியிலிருந்து விலகினார். 1975 அக்டோபர் 2 அன்று இறந்தார். முன்னாள் முதல்வராக நாள் பிசகாமல் பன்னிரண்டு ஆண்டுகள்; பதவியில் இருந்த ஒன்பதரை ஆண்டுகளைவிட அதிகம். இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் சில ஆண்டுகள் அவர் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர். இரண்டு பிரதமர்கள் பதவிக்கு வந்ததில் முக்கியப் பங்கு அவருடையது. தியாகராய நகர் திருமலைப் பிள்ளை சாலையில் அவர் இருந்தது வாடகை வீடு. இறந்த பிறகு அரசாங்கம்தான் அதை நினைவில்லம் ஆக்கியது.

அவர் இறந்தபோது கையில் எவ்வளவு இருந்தது என்பதில் ஆளுக்கொரு தொகை சொல்கிறார்கள். ஒரு மேடையில் அறுபது ரூபாய், இன்னொரு மேடையில் நூற்று முப்பது. வேட்டி சட்டை எண்ணிக்கையும் அப்படியே. எனக்கு இந்த எண்களில் ஆர்வமில்லை. நாட்டின் பிரதமர் யார் என்று முடிவுசெய்த மனிதருக்குச் சென்னையில் சொந்தமாக ஒரு வீடு இல்லை. இதை யாரும் மறுக்கவில்லை, இது போதும். மீதியை நாம் கூட்டிச் சொல்லத் தேவையில்லை. கூட்டிச் சொன்னால் உண்மையையும் கதை என்று நினைத்துவிடுவார்கள்.

இப்படிக் கெட்டுப்போன கதை ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. 1953இல் பதவி முடிந்த ட்ரூமன் வருமானத்துக்கு வழியில்லாமல் கஷ்டப்படுகிறார் என்று நாடு முழுக்கப் பேச்சு. அந்த இரக்கத்தில் 1958இல் முன்னாள் அதிபர்களுக்கு ஓய்வூதியச் சட்டமே வந்தது. ஆண்டுக்கு 25,000 டாலர். அவர் மனைவியின் காகிதங்களில் இருந்த கணக்குகளைப் படித்த சட்டப் பேராசிரியர் ஒருவர், ட்ரூமன் அப்போதே நல்ல வசதியோடு இருந்தார் என்று 2021இல் எழுதினார். வறுமைக்கும் தணிக்கை வேண்டியிருக்கிறது!

காமராஜர் திட்டத்தில் பதவி விலகியவர்களில் ஒருவர் லால் பகதூர் சாஸ்திரி. தமிழர்களுக்கு அவர் பெயரோடு அரியலூர் சேர்ந்தே வரும். 1956 நவம்பர் 23 அன்று மருதையாற்றில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்ததும் ரயில்வே அமைச்சர் பதவியை விட்டவர். 1963இல் உள்துறை அமைச்சர் பதவியை விட்டபோது வீட்டுச் செலவுக்கே நெருக்கடி. சாப்பாட்டில் காய்கறியைக் குறைத்தார், விளக்குகளை அணைத்து மின்சாரக் கட்டணத்தைச் சுருக்கினார், பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதி ஈடுகட்டினார் என்று அவரிடம் செய்தி அலுவலராக இருந்த குல்தீப் நய்யார் பதிவுசெய்திருக்கிறார். பின்னர் பிரதமராக இருந்தபோது ஒரு ஃபியட் கார் வாங்க வங்கியில் ஐயாயிரம் ரூபாய் கடன் வாங்கினார். 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் இறந்துபோனார். மீதிக் கடனை அவர் மனைவி லலிதா தன் ஓய்வூதியத்திலிருந்து அடைத்தார்.

இந்த இடத்தில் நான் சற்று நிற்க விரும்புகிறேன். தலைவரின் நேர்மைக்கு விலை கொடுத்தது யார்? கார்க் கடனைக் கட்டியது லலிதா. மகன் காமராஜர் முதல்வராக இருந்தபோது விருதுநகரில் மாதம் அனுப்பிய நூற்றுச்சொச்சம் ரூபாயில் குடும்பம் நடத்தியது சிவகாமி அம்மாள். காமராஜர் தாயாருக்குத் தனிக் குழாய் வேண்டாம் என்றார் என்று மேடையில் சொன்னால் கைதட்டுகிறோம். குடத்தைத் தூக்கிய கை யாருடையது என்று கேட்பதில்லை. தேசத்துக்காகத் தியாகம் செய்வதாக அவர்கள் யாரும் உறுதிமொழி எடுத்துக்கொண்டதில்லை. வீட்டில் இன்னொருவர் எடுத்த உறுதிமொழி அவர்கள் தலையில் விழுந்தது. எளிமையைப் புகழும் நூல்களில் இந்தப் பெண்களுக்கு ஒரு பக்கம்கூடக் கிடைப்பதில்லை. எனக்கு இது சரியாகப் படவில்லை.

இப்போது கக்கன். மேலூருக்குப் பக்கத்தில் தும்பைப்பட்டி; கோயில் பூசாரியின் மகன்; ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். 1939 ஜூலை 8 அன்று கோயில் நுழைவுப் போராட்டத் தலைவர் வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனவர்களில் ஒருவர். 1942இல் சிறை. அரசியல் நிர்ணய சபை, நாடாளுமன்றம், தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் பதவி. 1957இலிருந்து 1967 வரை பத்து ஆண்டுகள் அமைச்சர். முதலில் பொதுப்பணித் துறை, கடைசியில் உள்துறை. ஒன்றில் அணையும் பாலமும் கட்டும் ஒப்பந்தக்காரர்கள், இன்னொன்றில் போலீஸ். கை நீட்ட நினைப்பவனுக்கு இவற்றைவிட வளமான துறைகள் இல்லை. அந்தப் பத்தாண்டு முடிந்து வெளியே வந்தபோது அவரிடம் ஒன்றுமில்லை.

1967இல் காங்கிரஸ் தோற்றது. விருதுநகரில் காமராஜர் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்கில் தோற்றார். மேலூர் தெற்கில் கக்கன் தோற்றார். முதல்வர் பக்தவத்சலமும் தோற்றார். இதைச் சொல்லி 'நல்லவர்களுக்கு மக்கள் ஓட்டுப் போடமாட்டார்கள்' என்று அங்கலாய்ப்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர்கள்மீதும் மக்கள்மீதும் துப்பாக்கிச் சூடு நடந்தபோது உள்துறை கக்கனிடம்தான் இருந்தது. அரிசித் தட்டுப்பாடு வேறு. கை சுத்தமாக இருப்பது வேறு, எடுக்கும் முடிவு சரியாக இருப்பது வேறு. வாக்காளர் இரண்டாவதற்குத் தீர்ப்புச் சொன்னார். அது அவருடைய உரிமை. கக்கனின் நேர்மையைப் பேசும்போது 1965ஐ மறைத்துப் பேச வேண்டியதில்லை. மறைத்தால்தான் நிற்கும் என்றால் அது என்ன நேர்மை?

தோல்விக்குப் பிறகு பதினான்கு ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். முன்னாள் உள்துறை அமைச்சர் பேருந்தில் நின்றுகொண்டு போனதைப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். உடம்பு முடியாமல் மதுரை அரசு மருத்துவமனையில் பொது வார்டில் கிடந்தார். முதல்வர் எம்.ஜி.ஆர். அங்கே வேறொரு தலைவரின் உடல்நலம் விசாரிக்கப் போனபோதுதான் கக்கனும் அதே கட்டடத்தில் இருப்பது அவருக்குத் தெரியவந்தது. அதன் பிறகே சிகிச்சைக்கும் மாதாந்தர உதவிக்கும் வீட்டுக்கும் உத்தரவு வந்தது. 1981 டிசம்பரில் கக்கன் காலமானார்.

இந்த நிகழ்ச்சியை நாம் கண் கலங்கச் சொல்கிறோம். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று நான் கேட்கிறேன். கக்கனுக்குப் பெருமை, சரி. நமக்கு? பத்தாண்டு இந்த மாநிலத்தின் துறைகளைக் கட்டிக் காத்தவர் படுக்கையில் கிடப்பது அரசாங்கத்துக்கே தற்செயலாகத்தான் தெரிந்தது. மாற்றுக் கட்சிக்காரர் ஒருவருக்கு மனசு இருந்ததால் காரியம் நடந்தது. மனசு இல்லாதவர் அன்றைக்கு முதல்வராக இருந்திருந்தால்?

ஓமந்தூராரைப் பற்றி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன விவரத்துக்கு வருகிறேன். பதவி போனதும் ஒருவர் தன் பிறப்பு கொடுத்த இடத்துக்குத் திரும்புகிறார். ஓமந்தூராருக்கு நிலம் இருந்தது. குமாரசாமி ராஜாவுக்குக் கொடுத்துவிட ஒரு வீடு இருந்தது. தும்பைப்பட்டிப் பூசாரி மகனுக்குத் திரும்பிப் போக என்ன இருந்தது? ஊரில் காலனி இருந்தது. மூவரையும் 'எளிமையான தலைவர்கள்' என்று ஒரே வரிசையில் நிறுத்துகிறோம். மற்ற இருவரும் வசதியைத் துறந்தார்கள். கக்கனுக்குத் துறக்கவே வசதி இருக்கவில்லை, வந்த வாய்ப்பை அவர் தொடவில்லை. சாதி ஏற்கனவே எடுத்துக்கொண்டது போக மிச்சம் இருந்ததை நேர்மைக்குக் கொடுத்தவர் அவர். அந்த வறுமையை மாலை போட்டு அழகுபார்ப்பது, அவர் போராடிய அநியாயத்துக்கே மாலை போடுவது போலத்தான். நிலமில்லாத வீட்டிலிருந்து ஒரு பையன் அரசியலுக்கு வரும்போது, 'நீயும் கக்கனைப் போல் கடைசியில் பொது வார்டுக்குத்தான் போக வேண்டும்' என்று நாம் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பாடம் தேவைப்படுவதில்லை.

அந்தத் தலைமுறையில் சிலருக்கே இது புரிந்திருந்தது. ஒவ்வொருவரும் சொந்தச் செலவில் நல்லவர்களாக இருப்பதை நம்பி அரசாங்கம் நடத்த முடியாது என்று நினைத்தார்கள். சாஸ்திரி உள்துறை அமைச்சராக இருந்தபோது 1962இல் ஊழல் தடுப்புக் குழு ஒன்றை அமைத்தார். தலைவர் தஞ்சை மாவட்டத்துக்காரரான கே. சந்தானம். 1964இல் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. மத்திய கண்காணிப்பு ஆணையம் பிறந்தது அந்தக் குழுவின் பரிந்துரையிலிருந்துதான். அதே 1964இல், சாஸ்திரிக்குப் பின் உள்துறைக்கு வந்த குல்சாரிலால் நந்தா காலத்தில், அமைச்சர்களுக்கு நடத்தை விதிகள் வந்தன. அமைச்சர் தன் சொத்து, கடன் விவரத்தைப் பதவியேற்கும்போதும் பிறகு ஆண்டுதோறும் பிரதமரிடமோ முதல்வரிடமோ கொடுக்க வேண்டும் என்பது அதில் ஒன்று.

இந்த நந்தா இரண்டு முறை தற்காலிகப் பிரதமராக இருந்தவர். நேரு இறந்தபோது ஒருமுறை, சாஸ்திரி இறந்தபோது ஒருமுறை; இரண்டும் பதின்மூன்று பதின்மூன்று நாள். முதுமையில் தில்லியில் வாடகை பாக்கிக்காக அவர் குடியிருந்த வீட்டைக் காலிசெய்ய நேர்ந்தது பத்திரிகைகளில் வந்தது. கடைசிக் காலம் அகமதாபாத்தில் மகள் வீட்டில் கழிந்தது. 1998இல் தொண்ணூற்றொன்பது வயதில் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டு பாரத ரத்னா கொடுத்திருந்தார்கள்.

மறுபக்கத்தையும் பாருங்கள். உத்தரப் பிரதேசத்தில் முன்னாள் முதல்வர்கள் அரசு பங்களாக்களை ஆயுள் முழுவதும் வைத்துக்கொள்ள வழி செய்திருந்தார்கள். அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னது. உடனே சட்டத்தையே திருத்தி மறுபடி வைத்துக்கொண்டார்கள். 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தையும் ரத்துசெய்த பிறகுதான் சாவியைக் கொடுத்தார்கள். 1988இல் திரிபுராவில் முதல்வர் பதவி முடிந்ததும் நிருபேன் சக்கரவர்த்தி தகரப் பெட்டியோடு எம்.எல்.ஏ. விடுதிக்குப் போய்ச் சேர்ந்தார். அவரைக் காலிசெய்யச் சொல்ல எந்த நீதிமன்றமும் தேவைப்படவில்லை.

நந்தா காலத்து விதிகளில் ஓர் ஓட்டை உண்டு. அவை சட்டம் அல்ல, விதிகள் மட்டும். அதிலும் அமைச்சராக இருக்கும்வரைதான். இறங்கிய நாளோடு கேள்வி முடிந்துவிடுகிறது. வேட்பாளராக நின்றால் சொத்து விவரம் பிரமாணப் பத்திரத்தில் வரும். 2003 முதல் அது கட்டாயம். நிற்காவிட்டால் யாரும் கேட்பதில்லை. பதவியில் இருக்கும்போது செய்த உதவிக்கு நன்றிக்கடன் திரும்பி வருவது பெரும்பாலும் பதவி போன பிறகுதான் என்பது அரசியல் வட்டாரத்தில் யாருக்கும் தெரியாத ரகசியமல்ல. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வருமானத்தின் மூலத்தையும் வேட்பாளர்கள் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மக்கள் பிரதிநிதிகளின் சொத்து வளர்ச்சியைக் கவனிக்க ஒரு நிரந்தர ஏற்பாடு வேண்டும் என்றும் சொன்னது.

எனவே இந்த அவையிலிருந்து இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கிறேன். அமைச்சர் பதவியிலிருந்து இறங்கியவர்கள் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குத் தங்கள் சொத்து விவரத்தை ஆண்டுதோறும் பொதுவில் வெளியிட வேண்டும் என்று சட்டம் வர வேண்டும். அந்தக் கணக்கில் ஒன்றும் இல்லாதவர்களுக்குச் சிகிச்சையும் குடியிருக்க ஒரு வீடும், முதல்வர் யாரென்று பார்க்காமல், உத்தரவுக்குக் காத்திருக்காமல் கிடைக்க வேண்டும். சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்கள் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. உங்கள் தொகுதியில் முன்பு அமைச்சராக இருந்தவர் இரண்டு தேர்தல்களில் கொடுத்த பத்திரங்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அடுத்த முறை அவர் ஓட்டுக் கேட்டு வரும்போது இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.